முரண்படாத நிழல்

‘வன்தட்டில் எழுத முடியவில்லை. பிழை 71. சிரமத்துக்கு வருந்துகிறோம்.’

இந்த வருத்தத்தை அன்று காலையிலிருந்து சிந்துஜா பலமுறை பார்த்துவிட்டாள். ஒருமுறை வருந்துகிறவனிடம் கொஞ்சம் மரியாதை மிஞ்சும். பொத்தானை அழுத்தும்போதெல்லாம் வருந்துகிறவன் திமிர் பிடித்தவன்.

வடவள்ளியில் அவள் வீட்டுச் சாப்பாட்டு மேசைமேல் இருந்தது பழைய மடிக்கணினி. சொந்தமாக வன்தட்டு உள்ள கணினிகள் வருவது நின்று பல வருடங்கள் ஆகிவிட்டன. இப்போதெல்லாம் கையில் இருப்பது வெறும் திரை. மற்றதெல்லாம் ஏதோ ஒரு கம்பெனியின் வானத்தில். அந்த வானமே பிள்ளைகளுக்காகத் தேர்வும் எழுதிக்கொடுக்கிறது என்று நுழைவுத் தேர்வு வாரியத்துக்குத் திடீரென்று ஞானம் பிறந்தது. இந்த ஆண்டு முதல் வன்தட்டு உள்ள கணினியில், ‘தளிர்’ இயங்குதளத்தைப் புதிதாக நிறுவி, அதில்தான் எழுத வேண்டும் என்று அறிவித்தார்கள். தமிழ்நாட்டில் பாதிப் பேர் பரண்மீது ஏறினார்கள். மகள் மிதிலாவுக்காகச் சிந்துஜாவும் ஏறினாள்.

அவள் பொறியியல் கல்லூரி ஒன்றில் இயற்பியல் நடத்துகிறவள். ஒரு பிழை வந்தால் பயப்படாமல் அதன் பின்னாலேயே போகிற சுபாவம். பென்டிரைவில் தளிரை மறுபடி ஏற்றிப் பார்த்தாள். கணினி எதிலிருந்து கிளம்ப வேண்டும் என்ற வரிசையை மாற்றினாள். அடிமூடியைக் கழற்றி, வன்தட்டை உருவி, அதன் செப்புப் பற்களை மிதிலாவின் ரப்பரால் தேய்த்துத் திரும்பச் செருகினாள். பழைய பிரிவுகளை அழிக்கக் கட்டளை கொடுத்தாள். வன்தட்டைத் தனியாக வேறொரு பெட்டியில் மாட்டிப் பார்த்தபோது அது முக்கி முனகிச் சில பகுதிகளைப் படித்தது. பல பகுதிகளைப் படிக்கவில்லை. எழுத மட்டும் எங்கேயும் விடவில்லை.

“செத்துப்போச்சும்மா. விடு” என்றாள் மிதிலா.

“செத்தது முனகுமாடி?”

கடைசியில் தளிரின் உதவி எண்ணை அழைத்தாள். தேன் தடவிய குரலில் ஓர் இயந்திரம் பேசியது. அதன் பெயர் தோழியாம்.

“வணக்கம் சிந்துஜா! உங்கள் குரலில் லேசான எரிச்சல் தெரிகிறது. அது இயல்பானதுதான்.”

“ஹார்ட் டிஸ்க் கெட்டுப்போச்சா இல்லியா? அதை மட்டும் சொல்லு.”

“பிழை 71 வன்தட்டின் பழுதைக் குறிப்பதில்லை, சிந்துஜா. உங்கள் வன்தட்டில் ஒரு நபர் இருக்கிறார். நபரை அழிக்க எனக்கு அனுமதி இல்லை. உங்கள் பகுதி எச்ச அலுவலருக்குத் தகவல் அனுப்பிவிட்டேன். வேறு ஏதாவது உதவி?”

மிதிலா சிரித்தாள். “உள்ள யாரும்மா?”

சிந்துஜாவுக்குச் சிரிப்பு வரவில்லை. உள்ளே யார் இருக்க முடியும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

எச்ச அலுவலர் மறுநாள் பகலில் வந்தார். பெயர் பொன்னுரங்கம். ரொட்டிப் பெட்டி அளவில் ஒரு கருவியைக் கைக்குழந்தையைப்போல அணைத்துக்கொண்டு வந்தார். அரசாங்கம் தனக்குப் புரியாத ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டால், அதைத் தூக்கிக்கொண்டு நடப்பவர்களுக்கென்று ஒரு முகபாவம் உண்டு. அது அவரிடம் இருந்தது.

“எண்ம எச்சங்கள் பாதுகாப்புச் சட்டம் தெரியுமுங்களா மேடம்?” என்றார்.

“கேள்விப்பட்டிருக்கேன். காக்கா போடறதுக்குச் சட்டம் போட்டாங்கன்னு காலேஜ்ல பேசிக்குவாங்க.”

பொன்னுரங்கம் சிரிக்கவில்லை. அந்தப் பகடியைத் தினமும் கேட்கிறவர். “ஒருத்தரு எழுதினது, பேசினது, படம், வீடியோன்னு ஒரே எடத்துல போதுமான அளவுக்குச் சேந்து கெடந்தா, அதுல இருந்து அந்த ஆளை எழுப்பிப் பேச வெச்சரலாமுங்க. நெழல்னு சொல்லுவோம். அப்படி எழுப்ப முடியும்னா அது பொருள் இல்லீங்க, ஆள். சும்மா அழிக்க முடியாதுங்க.”

“என் லேப்டாப் சார் இது.”

“வீடு உங்களுதுன்னு உள்ள குடியிருக்கறவரைக் கொளுத்த முடியுங்களா?”

இது அவருக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்த உவமையாக இருக்க வேண்டும். சொன்னபோது குரலில் பாடம் ஒப்பித்த திருப்தி இருந்தது.

“அழிக்கறதுன்னா மூணு பேரு சம்மதிக்கோணுமுங்க” என்று தொடர்ந்தார். “பொருளுக்குச் சொந்தக்காரரு, அதாவது நீங்க. நெழலுக்கு உரிய ஆளு, உயிரோட இருந்தா. அப்புறம் அந்த நெழல். மூணும் ஒத்து வந்தா அழிச்சுட்டு நீங்க தளிர் போட்டுக்கலாம். ஒருத்தரு மாட்டேன்னாலும் வன்தட்டு காப்பகத்துக்குப் போயிருமுங்க. அங்க போனா யாரு வேணும்னாலும் எழுப்பிக் கேள்வி கேக்கலாம்.” கருவியின் திரையைப் பார்த்துப் புருவம் உயர்த்தினார். “இதுல இருக்கற ஆளு... நவநீதன். அட, நம்ம நவநீதன் அய்யாவா?”

“அய்யாவேதான்” என்றாள் சிந்துஜா.

நவநீதன் ஒரு காலத்தில் அவளுடைய கணவன். இப்போது ‘சொல் காப்போம்’ இயக்கத்தின் நிறுவனர். மனிதன் உதிர்த்த ஒரு சொல்லும் அழியக் கூடாது என்று ஊர் ஊராக மேடையேறிக் கண்கலங்கி, இந்த எச்சச் சட்டத்தைக் கொண்டுவர வைத்தவன். அவன் கண்கலங்குகிற இடத்தில் எப்போதும் ஒரு கேமரா இருந்துவிடும். அது அந்தக் கேமராக்களின் பேறு. மனைவியையும் நான்கு வயது மகளையும் விட்டுப் போன அன்று அவன் கலங்கவில்லை. அன்று வீட்டில் கேமரா இல்லை.

மடிக்கணினி சிந்துஜாவின் ஆராய்ச்சி உதவித்தொகையில் வாங்கியது. கல்யாணமான புதிதில், சரவணம்பட்டி வாடகை வீட்டில், அதை அவளைவிட அவன்தான் அதிகம் பயன்படுத்தினான். கட்டுரை எழுதுவான், பேசிப் பதிவுசெய்வான், நண்பர்களோடு விடிய விடிய வாதாடுவான்.

“ஏம்மா, அப்பாவோட சின்ன வயசு உள்ள இருக்கா?” மிதிலாவின் கண்கள் விரிந்தன. “நிஜமா பேசலாமா?”

“பேசலாம் கண்ணு” என்றார் பொன்னுரங்கம்.

நவநீதன் அந்த வாரமே வந்தான். அவ்வளவு அவசரமாக அவன் அந்த வீட்டுக்கு வந்ததே இல்லை. வாசலில் டிரைவரை நிறுத்திவிட்டு, மிதிலாவின் தலையைத் தடவி, ஹாலைச் சுற்றி ஒரு பார்வை பார்த்து, “எளிமையா வெச்சிருக்கே சிந்து, நல்லாருக்குது” என்றான். ஒருவனால் ஒரே மூச்சில் பாராட்டவும் அவமதிக்கவும் முடியும் என்பதற்கு அவன் வாழும் சான்று.

“நேரா விசயத்துக்கு வா” என்றாள்.

“எச்சத் தீர்ப்பாயத்துக்கு என்னைத் தலைவராப் போடறாங்க. அதுல ஒரு விதி இருக்குது. தலைவரா வர்றவனுக்கு, அவனோட முரண்படற நிழல் எங்கயும் இருக்கக் கூடாது.”

“அதாவது, சின்ன வயசுல நீ பேசினது இப்ப நீ பேசறதோட ஒத்துப்போகோணும்.”

“ஒத்துப்போகும். ஆனா அந்த வயசுல யாரும் எதையாவது உளறுவோம் இல்லியா? எதுக்கு வீண் பேச்சு? அழிச்சரலாம். நான் சம்மதம் குடுத்தாச்சு. நீ ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்.”

“ஒரு சொல்லும் அழியக் கூடாதுன்னு நீதான ஊர் பூரா அழுதே?”

“அது மத்தவங்க சொல்லுக்கு சிந்து” என்று சொல்லிவிட்டு, சொன்னது காதில் விழுந்த பிறகு அவனே கொஞ்சம் கூச்சப்பட்டான். “நான் என்ன சொல்ல வர்றேன்னா...”

“நெழலும் சம்மதிக்கோணும். அதைக் கேக்காம நான் கையெழுத்துப் போட மாட்டேன். விசாரணை என் முன்னாடி நடக்கட்டும்.”

அவன் முகத்தில் ஒரு பயம் ஓடியது. அதைப் பார்க்க அவளுக்கு இனிப்பாக இருந்தது.

அவன் போன பிறகு மிதிலா கேட்டாள். “உனக்கு என்னம்மா வேணும்? தளிர் போடோணும், அவ்வளவுதானே? கையெழுத்துப் போட்டிருக்கலாமல்ல?”

சிந்துஜா மடிக்கணினியின் மூடியைச் சாத்தினாள். தனக்கே சொல்லிக்கொள்ளாத ஒன்றை மகளிடம் எப்படிச் சொல்வது?

“உங்கப்பன் முன்னாடி இப்படி இல்லடி. மில் முதலாளி ஒருத்தரு, தனக்கு எதிராக் கட்டுரை எழுதாம இருந்தா வேலை தர்றேன்னு கூப்பிட்டாரு. வீட்டுல அரிசி இல்ல. கதவைச் சாத்திட்டு வந்து, என்கிட்ட, ‘சிந்து, இன்னிக்கும் ரசம்தான், மன்னிச்சுக்க’ன்னு சிரிச்சான். அந்த ஆளத்தான் நான் கட்டுனேன். இந்தச் சந்தன வாசம் வீசற ஆளை இல்ல. காசும் மேடையும் வந்தப்புறம் மாறிட்டான். அந்தப் பழைய ஆளு எந்திரிச்சு இவன் மூஞ்சியப் பாத்து நாலு கேள்வி கேக்கறத நான் ஒருதடவை பாக்கோணும்.”

மிதிலா நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மாதம் ஒருமுறை அப்பாவோடு பேசுகிறவள். தேர்வு முடிந்ததும் அவனுடைய இயக்கத்தில் சேர்வதாக ஓர் எண்ணம் அவளுக்கு இருந்தது. “அம்மா, நீ ரொம்ப நாளா அவரு மேல கோவமா இருக்கே” என்று மட்டும் சொன்னாள்.

கோபம் இல்லை. தான் ஒரு தப்பான ஆளைத் தேர்ந்தெடுக்கவில்லை, சரியான ஆள்தான் பிறகு கெட்டுப்போனான் என்ற நம்பிக்கை. அதைப் பிடித்துக்கொண்டுதான் அவள் இத்தனை வருடம் தலை நிமிர்ந்து நடந்திருந்தாள்.

விசாரணை ஒரு சனிக்கிழமை காலையில், அதே சாப்பாட்டு மேசையில் நடந்தது. பொன்னுரங்கம் வன்தட்டைத் தன் கருவியில் செருகினார். அது நெடுநேரம் முனகிவிட்டு அமைதியானது. திரையில் ஒரு முகம் வந்தது. ஒட்டிய கன்னம், அரும்பி முடிக்காத மீசை. சிந்துஜாவின் கை தானாகவே மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டது.

பொன்னுரங்கம் சட்டப்படி அறிமுகம் செய்தார். “தம்பி, நீங்க பேசி வெச்சதுல இருந்து உங்களை எழுப்பியிருக்கறோம். வருசம் நெறைய ஓடிருச்சு. இவங்க உங்க மனைவியா இருந்தவங்க. இது உங்க பொண்ணு. இவருதான் நீங்க.”

திரையிலிருந்த இளைஞன் மனைவியைப் பார்த்தான், மகளைப் பார்த்தான், பிறகு எதிரே பட்டுச்சட்டையில் வியர்த்துக்கொண்டிருந்த கனத்த மனிதரைப் பார்த்தான். பார்வை அங்கேயே நின்றது.

“இது நானா?” என்றான். “அடேங்கப்பா! செமையா இருக்கனே!”

சிந்துஜாவின் பிடி மேசை விளிம்பில் தளர்ந்தது.

நவநீதன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். திட்டு விழும் என்று எதிர்பார்த்து வந்தவன். “நல்லா இருக்கறயாப்பா?” என்றான், தேர்தலில் வாக்குக் கேட்பவனைப்போல.

“எனக்கென்ன? நீ சொல்லு. வண்டி வெச்சிருக்கோமா?”

“ரெண்டு.”

“டிரைவரு?”

“ம்.”

“பேரு வந்துச்சா? ரோட்டுல போனா ஆளுக திரும்பிப் பாப்பாங்களா?”

“தம்பி, இந்தச் சட்டமே நான் கொண்டு வந்தது” என்றான் நவநீதன். குரலில் பழைய கம்பீரம் திரும்பிவிட்டது.

“நாம கொண்டு வந்ததுன்னு சொல்லுப்பா!”

இருவரும் சிரித்தார்கள். ஒரே சிரிப்பு, ஒன்று மெலிந்த தொண்டையிலிருந்து, மற்றது கொழுத்த தொண்டையிலிருந்து. பிறகு மேசையில் மற்றவர்கள் இருப்பதையே மறந்து பேசிக்கொண்டார்கள். யாரை எப்போது விலக்கினோம், யார் எப்படி வழிக்கு வந்தார்கள், எந்த அமைச்சர் எந்த மாலையைப் போட்டார். இளைஞன் ஆசையாகக் கேட்டான், பெரியவர் ஆசையாகச் சொன்னார். நெடுநாள் பிரிந்த அண்ணன் தம்பிகள் சந்தித்தாலும் இவ்வளவு ஒற்றுமையாக இருக்க மாட்டார்கள். பொன்னுரங்கம் நெகிழ்ந்துபோய்க் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“சொந்தக்காரங்க ஒரு கேள்வி கேக்கலாமுங்க மேடம்” என்று நினைவுபடுத்தினார்.

சிந்துஜா திரையைப் பார்த்தாள். “மில்காரன் வேலை தர்றேன்னப்போ கதவைச் சாத்துனயே. அது எதுக்கு?”

“கொள்கை சிந்து” என்றான் இளைஞன், தயங்காமல். “கொள்கைங்கறது ஆரம்பத்துல வேணும். ஏணி மாதிரி. மேல வந்தப்புறம் அதைத் தோள்ல சுமந்துட்டே இருக்க முடியுமா? அன்னிக்கு நான் கதவைச் சாத்துனது அந்தத் தெருவுக்கே தெரியும். அதுதான் மூலதனம்.”

“சரி” என்றாள்.

அவன் விடவில்லை. “நீ எதுக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கே? உனக்காக நான் எவ்வளவு செஞ்சேன். அந்த ஜெர்மனிக்காரன் போன் பண்ணப்போ நீ குளிச்சிட்டு இருந்தே. அவளுக்கு விருப்பமில்ல, குடும்பம்தான் முக்கியம்னுட்டாள்னு நான்தானே சொல்லி வெச்சேன். இல்லைன்னா நீ அங்க போய் ஒத்தையா என்ன பண்ணியிருப்பே?”



ஜெர்மனியில் ஓர் ஆய்வகம். நேர்காணல் நன்றாக நடந்தது. கூப்பிட்டுச் சொல்கிறோம் என்றார்கள். சிந்துஜா காத்திருந்தாள். பிறகு, தனக்குத் தகுதி போதவில்லை என்று முடிவுசெய்து, கிடைத்த கல்லூரி வேலையில் சேர்ந்தாள். அந்த முடிவின்மேல்தான் இத்தனை வருடமும் நின்று பாடம் நடத்தியிருந்தாள்.

அவள் திரும்பி உயிருள்ள நவநீதனைப் பார்த்தாள். அவன் தலைக்கு மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்தான். “அந்த வயசுல எல்லாம் அப்படித்தான் சிந்து. பாசம். விடு” என்றான்.

மிதிலா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து பால்கனிக்குப் போய்விட்டாள்.

“தம்பி, உங்களை அழிக்கறதுக்குச் சம்மதமுங்களா?” என்று பொன்னுரங்கம் கேட்டார்.

“தாராளமா! நான் ஆசைப்பட்டதெல்லாம் இவரு அனுபவிச்சுட்டாரு. நான் எதுக்கு இடைஞ்சலா?” என்றான் இளைஞன். “சாதிச்சுட்டோம், அது போதும்.”

கையெழுத்துக்கான பலகை சிந்துஜாவின் முன்னால் நகர்ந்து வந்தது. மறுத்தால் வன்தட்டு காப்பகத்துக்குப் போகும். யாராவது எழுப்புவார்கள், அவனும் அங்கே உட்கார்ந்து இதையே பேசுவான், கைதட்டுவார்கள். இந்தக் குப்பைக்கு அரசாங்கம் இடம் கொடுத்து, மின்சாரம் கொடுத்து, காவலும் போடும். இதைக் காப்பாற்றவா ஒரு சட்டம்? இதை நினைத்தா இத்தனை வருடம் உள்ளுக்குள் ஒரு விளக்கு எரிந்தது?

கட்டைவிரலை அழுத்தினாள். முகம் அணைந்தது.

நவநீதன் மலர்ந்து எழுந்தான். மகளோடு ஒரு படம் எடுக்க வேண்டும் என்று பால்கனிப் பக்கம் போனான். “எனக்குத் தலை வலிக்குதுங்க” என்றாள் மிதிலா. அப்பாவிடம் அவள் ‘ங்க’ போட்டுப் பேசியது அதுதான் முதல்முறை. அவன் கவனித்ததாகத் தெரியவில்லை. கார் கிளம்பிற்று.

பொன்னுரங்கம் மட்டும் இருந்தார். புதிய இயங்குதளம் ஏறுவதைக் கண்ணால் பார்த்துச் சான்று தர வேண்டும் என்பது விதி. சிந்துஜா வன்தட்டை மடிக்கணினியில் மாட்டி, பென்டிரைவைச் செருகி, தளிரைத் தொடங்கினாள்.

‘வன்தட்டில் எழுத முடியவில்லை. பிழை 12. சிரமத்துக்கு வருந்துகிறோம்.’

“இப்ப யாரு உள்ள?” என்றாள், வறண்ட குரலில்.

“யாரும் இல்லீங்களே.” பொன்னுரங்கம் தன் கருவியைத் திறந்து அறிக்கையைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். “ஓ, இது சும்மா பழுதுங்க மேடம். ஹார்ட் டிஸ்க் பெரும்பகுதி எப்பவோ செத்துப்போச்சு. எங்க பெட்டிக்கே படிக்கக் கெடச்சது கொஞ்சூண்டுதானுங்க.”

சிந்துஜா நிமிர்ந்தாள். இயற்பியல்காரி விழித்துக்கொண்டாள். “கொஞ்சூண்டுதான் கெடச்சுதுன்னா, அவ்வளவு நேரம் எப்படிப் பேசினான்?”

“மூஞ்சி, கொரலெல்லாம் இதுல இருந்து எடுத்ததுங்க. பேச்சுல ஓட்டை இருந்தா நெரப்பிக்கும். ஆளு உயிரோட இருந்தா அது சுலபமுங்க. அய்யாவோட மேடைப் பேச்சு, பேட்டி, நண்பர்ககூடப் பேசினது எல்லாம் பதிவாகிக் கெடக்குதுங்களே. அதை எடுத்துப் போட்டுக்கும்.”

“அப்ப இங்க பேசினது...”

“அய்யாதானுங்க. இப்ப இருக்கறவரு.”

‘சாதிச்சுட்டோம்’ என்பது அவன் ஒவ்வொரு கூட்டத்தையும் முடிக்கிற சொல் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. சரவணம்பட்டி வீட்டில் அவன் அந்தச் சொல்லைச் சொல்லி அவள் கேட்டதே இல்லை.

“படிக்க முடிஞ்ச அந்தக் கொஞ்சம்? அது எங்க?”

அவர் மறுபடி திரையைத் தள்ளினார். “அதையும் சேத்துப் பாத்திருக்குதுங்க. ஆனா ‘நபருடன் முரண்படுகிறது’ன்னு போட்டு ஒதுக்கியிருக்குது. ஒத்துவராத பகுதியப் பிழைன்னு எடுத்துக்குமுங்க.”

“எந்த நபரோட?”

“உயிரோட இருக்கறவரோடதானுங்க. அவரைவிட அவரைப் பத்தி யாருக்குத் தெரியும்?”

“ஒதுக்கினதுல என்ன இருந்துச்சு?”

“ஒலிப்பதிவுன்னு மட்டும் இருக்குதுங்க. என்ன பேசியிருக்காருன்னு இதுல வராது. கேக்கலாம்னா...” பொன்னுரங்கம் முதல்முறையாகத் தயங்கினார். “அழிச்சாச்சுங்களே மேடம்.”

“இதையெல்லாம் கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி சொல்ல மாட்டீங்களா?”

“யாரும் கேக்கறதில்லீங்க” என்றார் அவர். அது உண்மையாகத்தான் இருக்க வேண்டும். கருவியை அணைத்தபடி படியிறங்கிப் போனார்.

சிந்துஜா நவநீதனை அழைத்தாள். அவன் காரில் இருந்தான். பின்னால் ஹாரன் சத்தம்.

“ஜெர்மனியில இருந்து போன் வந்துச்சா?”

“அதை இன்னும் விடலியா நீ?”

“வந்துச்சா? நீ எடுத்தியா?”

“நண்பர்ககிட்ட எத்தனையோ தடவை சொல்லிச் சிரிச்ச கதை அது சிந்து. பொண்டாட்டியைக் கடல் தாண்ட விடாம எப்படிக் காப்பாத்தினேன்னு.”

“கதை கேக்கல. நடந்துச்சா இல்லியான்னு கேக்கறேன்.”

ஹாரன் சத்தம் நின்றது. அவன் யோசிப்பது கேட்டது. அவன் பொய்யைத் தேடி யோசிப்பது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். இது அப்படி இல்லை. நிஜமாகவே தேடிக்கொண்டிருந்தான்.

“நடந்திருக்கும்” என்றான் கடைசியில். “சொல்லிச் சொல்லி எனக்கே... நடக்காம எதுக்குச் சொல்லப்போறேன்? வேணும்னா அந்த நிழலைக் கேட்டிருக்கலாம். அவனுக்குத்தான் சரியாத் தெரியும்.” தான் சொன்னது எவ்வளவு அழகான நகைச்சுவை என்று அவனுக்குப் புரியவில்லை. “தலைவர் பதவியேற்புக்கு மிதிலாவை அனுப்பு” என்றான்.

அவள் இணைப்பைத் துண்டித்தாள். பால்கனிக் கதவருகில் மிதிலா நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

“நான் அவரு இயக்கத்துக்குப் போகலம்மா.”

“அதை நீ பரீட்சை முடிச்சுட்டு யோசி.”

“யோசிச்சாச்சு.” மகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். “அம்மா, அவரு அப்ப நல்லவராத்தான் இருந்தாரா?”

“தெரியலடி.”

“நீதானே கூட இருந்தே?”

“இருந்தேன்” என்றாள் சிந்துஜா. ரசத்துக்கு மன்னிப்புக் கேட்டுச் சிரித்த முகம் இப்போதும் நினைவுக்கு வந்தது. ஆனால் அந்த வாயிலிருந்து வரும் குரல் இன்று காலை கேட்ட குரலாக இருந்தது. எவ்வளவு முயன்றும் அதைப் பிரித்தெடுக்க முடியவில்லை. ஒரு மூடத்தனமான பெட்டி அவள் கண்ணெதிரே செய்ததைத்தான் அவள் மண்டையும் செய்துகொண்டிருந்தது.

இருவரும் காந்திபுரத்துக்குப் போய், தேர்வுக் காய்ச்சலில் கடைக்காரர்கள் எங்கிருந்தோ வரவழைத்துக் குவித்திருந்த வன்தட்டுகளில் ஒன்றை வாங்கி வந்தார்கள். பெட்டி பிரிக்காதது. அதில் ஒரு சொல்லும் இல்லை. சிந்துஜா திருகாணிகளை முறுக்கி, மூடியைப் பொருத்தித் தளிரைத் தொடங்கினாள். பிழை எதுவும் வரவில்லை. பச்சைப் பட்டை தடங்கலின்றி ஓடி முடிந்தது. பிறகு திரையில் ஒரு கேள்வி வந்தது.

‘இந்தக் கணினியில் இதற்கு முன் யாரும் இருந்ததற்கான தடயம் இல்லை. தொடரலாமா?’

மிதிலா அம்மாவின் தோள் வழியாகக் கையை நீட்டினாள். “நான் அழுத்தட்டுமா?”

“கொஞ்சம் இரு” என்றாள் சிந்துஜா.